முதல் பாகத்துக்காரர்

கடையில் தேங்காய் வாங்கும்போது தட்டிப் பார்க்கிறவர்களை உங்களுக்குத் தெரியும். வாங்கி வீட்டுக்கு வந்த பிறகும் தட்டிப் பார்க்கிறவர்களைக்கூடச் சந்தித்திருப்பீர்கள். நான் சொல்ல வருகிற மனிதர் இந்த இரண்டு கூட்டத்திலும் சேராதவர். அவர் தேங்காயை உடைத்து, துருவி, சட்னி அரைக்கச் சொல்லி, எட்டு இட்லியோடு தொட்டுத் தின்று தீர்த்து, கையைக் கழுவிக்கொண்டே, "போன வாரத்துத் தேங்கா மாதிரி இல்ல" என்பார்.

இவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் முதல் பாகத்துக்காரர்.

இவர் இல்லாத ஊர் கிடையாது. தேர் இழுக்கும் நாளில் வடத்தைப் பிடித்துக்கொண்டே, போன வருஷம் தேருக்கு ஒரு வேகம் இருந்தது என்பார். கல்யாணப் பந்தியில் இரண்டாம் தடவை சாம்பார் ஊற்றினால், முதலில் ஊற்றிய சாம்பாரைப் பற்றி ஏக்கத்தோடு பேசுவார். புது பஸ் விட்டால் பழைய பஸ்ஸின் சத்தத்தைப் பாராட்டுவார். பழைய பஸ் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அந்தச் சத்தத்தைப் பற்றி மனு எழுதிக் கையெழுத்து வாங்கியவரும் இவர்தான். சொந்தத்தில் ஒருவருக்கு இரண்டாவது பிள்ளை பிறந்தால், தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல" என்று சொல்லி நிறுத்துவார். அந்த இடத்தில் நிறுத்துவதற்குத் தனித் தைரியம் வேண்டும்.

பிடிக்கவில்லை என்றால் விட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கிறீர்களா? நீங்கள் இவரைச் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. இவர் விடமாட்டார். ஏமாறுவதற்காக வரிசையில் முதல் ஆளாக நிற்பார். அவருக்கு முன்னால் வேறு யாராவது ஏமாந்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் வில்லியனூரில் இந்த இனத்துக்கு நல்ல உதாரணம் சிங்காரவேலு. வயது இருபத்தெட்டு. ஏம்பலம் போகிற வழியில் அவருடைய அப்பாவுக்குப் பெரிய கரும்புக் கொல்லை இருக்கிறது. ஆனால் சிங்காரவேலுவுக்குக் கரும்பைச் சாறாகத்தான் பழக்கம். காலையில் வெள்ளைச் சட்டை போட்டு, தலையைப் படிய வாரிக்கொண்டு, கமருதீன் பாய் கடைக்கு வந்து பெஞ்சில் உட்காருவார். அது நோட்டு, பேனா, மை விற்கிற கடை. உள்ளே பின்சுவரில் இரண்டு மர அலமாரிகள். அவற்றில் வாடகைக்குக் கொடுக்கும் கதைப் புத்தகங்கள்.

கமருதீன் பாய்க்குக் கதை படிக்கிற பழக்கம் இல்லை. நாட்காட்டியைக் கிழிக்கும்போது பின்பக்கத்தில் இருப்பதைப் படிப்பார், அவ்வளவுதான். எந்தக் கதையை ஊர் எடுக்கும், எதை எடுக்காது என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. வேலை எதுவும் இல்லாமல், எதைப் பற்றியும் அபிப்பிராயம் உள்ள ஓர் ஆள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். இருவருக்கும் பொருந்திப்போயிற்று. சிங்காரவேலு 'எடுக்கலாம்' என்று தலையை ஆட்டினால் பாய் பட்டணத்துக்குக் கார்டு போட்டுப் புத்தகம் வரவழைப்பார். உதட்டைப் பிதுக்கினால் வராது. வில்லியனூரில் யார் எதைப் படிப்பது என்பது நான்கைந்து வருஷம் அந்த உதட்டில்தான் இருந்தது.

அப்போதுதான் 'முதலைக்கோட்டை' வந்தது.

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்காக எழுதிய மாயாஜாலக் கதை அது. எங்கள் ஊரில் அதை விழுந்து விழுந்து படித்ததெல்லாம் பள்ளிக்கூடத்தை முடித்துவிட்டு அடுத்து என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தவர்கள்தான். அரிமுகன் என்ற இளவரசன் பேசும் முதலை ஒன்றின் வயிற்றுக்குள் தெரியாமல் இறங்கிவிடுகிறான். உள்ளே பார்த்தால் ஒரு கோட்டை. கோட்டைக்கு ஏழு கதவு. முதலைக்கு விக்கல் எடுத்தால் ஒரு கதவு திறக்கும். இது முதல் பாகம். இரண்டாம் பாகத்தில் முதலைக்கு இறக்கை முளைத்தது. மூன்றாம் பாகத்தில் அதற்கு ஓர் அண்ணன் இருப்பது தெரியவந்தது. நான்காம் பாகத்தின் கடைசி வரியில், சங்குமதி என்னும் இளவரசியை மந்திரவாதி ஒரு கண்ணாடி ஜாடிக்குள் அடைத்து, கடலுக்கு அடியில் வைத்து, மூடியைத் திருகிவிட்டுப் போய்விட்டான். ஜாடிக்குள் மூன்று மூச்சுக்குத்தான் காற்று.

அந்த மூன்று மூச்சை வைத்துக்கொண்டு நாங்கள் பதினான்கு மாதம் காத்திருந்தோம்.

முதல் பாகம் வந்தபோது சிங்காரவேலு அதைச் 'சுமார்' என்றுதான் சொன்னார். நானே கேட்டேன். இரண்டாம் பாகம் வந்த அன்று சாயங்காலமே முதல் பாகம் காவியமாகிவிட்டது. கரும்பு தெரிந்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கரணை போட்டு நட்டு முதல் தடவை வெட்டுவது நடவுக் கரும்பு. வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி தானே துளிர்த்து வருவது மறுதாம்பு. காய்ந்த தோகைக்குப் பெயர் சோகை. "முதல் பாகம் நடவு. மிச்சமெல்லாம் மறுதாம்பு. போகப் போக சோகைதான் வரும், கரும்பு வராது" என்பது சிங்காரவேலுவின் தீர்ப்பு. விவசாயத்தைப் பற்றி அவர் வாயில் வந்த ஒரே வாக்கியமும் அதுதான்.

புது பாகம் வந்தால் அவர் அதை வரவேற்கிற விதத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். முதலில் உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பார். அட்டைப்படத்தைத் தூரத்தில் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார். முகர்ந்து பார்ப்பார். பிறகு கடைசிப் பக்கத்தைத் திறந்து இரண்டு வரி படித்து, மூக்கால் 'ம்' என்பார். அந்த 'ம்'மில் பாதி விமர்சனம் முடிந்துவிடும். மீதியைச் செய்ய வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போவார்.

ஐந்தாம் பாகமும் அப்படித்தான் போயிற்று. மறுநாள் காலையில் இரண்டு விரலால் அதைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தார். நாங்கள் ஆறு பேர் வாசலில் நின்றோம். எங்களுக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று, சங்குமதி ஜாடியை விட்டு வந்தாளா, இல்லையா? சிங்காரவேலு அதைச் சொல்லவில்லை. எழுத்தாளர் தீர்ந்துபோனார் என்று சொன்னார். கதை அரிமுகன் ஜாடியைக் கண்டுபிடிப்பது வரைக்கும் ஒரு மாதிரி போகிறதாம். அதற்கப்புறம் திடீரென்று அறுவடை என்கிறாராம். போர் முடிந்ததைத்தான் அப்படிப் பூடகமாகச் சொல்கிறார் போலிருக்கிறதாம். இளங்குருத்துப் புழு என்று ஓர் அரக்கன் புதிதாக வருகிறானாம், எங்கிருந்து வந்தான், எங்கே போனான் என்று ஒரு தகவலும் இல்லையாம். இடைக்கணுப் புழு என்று அவனுக்கு ஒரு தம்பியாம். எல்லாருக்கும் மேலே செவ்வழுகல் என்று ஒருத்தனாம்.

"பேரே சரியில்ல" என்றார் சிங்காரவேலு. "முதல் பாகத்துல பேரெல்லாம் எப்பிடி வெச்சிருந்தாரு."

நாங்கள் தலையை ஆட்டினோம். ஆறு பேரில் நான்கு பேர் வீட்டில் கரும்பு உண்டு. ஆனாலும் ஆட்டினோம். கரும்புக் கொல்லையை நினைக்காமல் இருப்பதற்காகத்தானே நாங்கள் முதலையின் வயிற்றுக்குள் போனோம்? அது அங்கேயும் வந்து நிற்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தீர்ப்பு சொல்லியாயிற்று. அதற்கப்புறம் ஐந்தாம் பாகத்தை யாரும் தொடவில்லை. பட்டணத்துக் கடையிலிருந்து ஆறாம் பாகம் அச்சாகிக்கொண்டிருக்கிறது, அதுவே கடைசிப் பாகம், வேண்டுமா வேண்டாமா என்று கேட்டுக் கார்டு வந்தது. கமருதீன் பாய் சிங்காரவேலுவைப் பார்த்தார். சிங்காரவேலு உதட்டைப் பிதுக்கினார். பாய் ஒரு கார்டை எடுத்து 'வேண்டாம்' என்று எழுதி, சாயங்காலத் தபாலில் சேர்க்க மேசை ஓரத்தில் வைத்தார்.

இங்கேதான் தையலம்மாள் வருகிறாள்.

அவள் குழந்தைவேல் என்கிற விவசாயியின் மகள். என்னைவிட இரண்டு வயது மூத்தவள். ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீடு திருக்கனூர்ப் பக்கம். நல்ல மனிதர்கள்தான், ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் வாடகைக்குப் புத்தகம் கொடுக்கிறவர் யாரும் இல்லையென்று அவள் விசாரித்து வைத்திருந்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடமே விசாரித்தாள் என்று ஒரு பேச்சு உண்டு. மூன்று மூச்சுக் காற்றோடு சங்குமதியைக் கடலுக்கு அடியில் விட்டுவிட்டு, தான் மட்டும் மணவறையில் மாலையும் கழுத்துமாக உட்கார முடியாது என்று என் அக்காவிடம் சொல்லியிருந்தாள். அது வேடிக்கைக்குச் சொன்ன பேச்சு என்று என் அக்கா நினைத்தாள். நான் அப்படி நினைக்கவில்லை.

அன்று மத்தியானம் கடைக்கு வந்தவள் மேசை ஓரத்துக் கார்டைப் பார்த்தாள். சாயங்காலம் வரைக்கும் அதைத் தபாலில் சேர்க்க வேண்டாம் என்று மட்டும் பாயிடம் கேட்டுக்கொண்டு, யாரும் தொடாத ஐந்தாம் பாகத்தை எடுத்துப் போனாள்.

சாயங்காலம் அவள் திரும்பி வந்தபோது கூடவே அவளுடைய அப்பாவும் வந்தார். கொல்லையிலிருந்து நேராக வந்திருந்தார், முழங்கால் வரைக்கும் சேறு. சிங்காரவேலு பெஞ்சில் நகர்ந்து உட்கார்ந்து தன் வெள்ளைச் சட்டையைக் காப்பாற்றிக்கொண்டார்.

"அண்ணே, இத முழுசா படிச்சீங்களா?" என்று தையலம்மாள் கேட்டாள்.

"ஒரு எழுத்து வுடாம."

"அப்ப செவ்வழுகல் யாருன்னு சொல்லுங்க."

சிங்காரவேலு கால்மேல் கால் போட்டுக்கொண்டார். இந்த மாதிரிக் கேள்விக்காகத்தான் அவர் தினமும் தலை வாரிக்கொண்டு வருகிறார். "மந்திரவாதியோட தளபதி. சாதாரணமா சாவ மாட்டான். வேரோட தோண்டி எடுத்து எரிச்சாத்தான் சாவான்னு போட்டுக்குது. யோசனை நல்ல யோசனதான். ஆனா ஆளு எப்பிடி இருப்பான்னு ஒரு வர்ணனை இல்ல பாரு, அங்கதான் எழுத்தாளர் கோட்ட வுட்டுட்டாரு."

குழந்தைவேல் முன்னால் வந்து நின்றார். பிறகு மெதுவாக, "யாம்பா சிங்காரம்" என்றார். "போன வருசம் உங்கப்பன் பாதிக் கொல்லைய நோண்டி எரிச்சாரே, அது இன்னான்னு நெனச்ச? போகிப் பண்டிகைன்னா?"

தையலம்மாள் புத்தகத்தைத் திறந்து பாய்க்கு முன்னால் விரித்து வைத்தாள். தொண்ணூற்றாறாம் பக்கத்தின் கடைசி வரியில் அரிமுகன் கடலுக்கு அடியில் ஜாடியைக் கட்டிப்பிடித்து, மூடியில் கையை வைக்கிறான். தொண்ணூற்றேழாம் பக்கத்தின் முதல் வரி: 'அறுவடை முடிந்த பத்து நாட்களுக்குள் கட்டைகளை மண் மட்டத்துக்குச் சீவிவிட வேண்டும்.'

பிறகு எல்லாம் தெளிவாயிற்று. அந்தக் கதையை அடித்த அச்சுக்கூடத்திலேயே மறுதாம்புக் கரும்பைப் பராமரிக்கிற முறை என்று விவசாயிகளுக்கு ஒரு கையேடும் அடித்திருக்கிறார்கள். தைக்கிற இடத்தில் பதினாறு பக்க மடிப்பு ஒன்று இடம் மாறிப்போயிற்று. இதில் தொண்ணூற்றேழு முதல் நூற்றுப்பன்னிரண்டு, அதிலும் தொண்ணூற்றேழு முதல் நூற்றுப்பன்னிரண்டு. பக்க எண் சரியாக ஓடியதால் தைத்தவருக்குச் சந்தேகம் வரவில்லை. படித்தவருக்கும் வரவில்லை.

"நூத்திப் பதிமூணாம் பக்கத்துல சங்குமதி கரையில ஒக்காந்து தலை துவட்டிகினு இருக்கறா" என்றாள் தையலம்மாள். "ஜாடியில இருந்து எப்பிடி வெளிய வந்தாள்னு உங்களுக்குக் கேக்கவே தோணலையா?"

சிங்காரவேலு கொஞ்சம் யோசித்தார்.

"எட்டாம் மாசம் விட்டம் கட்டணும்னு போட்டிருந்துது" என்றார். "அதப் புடிச்சிகினு ஏறி வந்துட்டாள்னு நெனச்சேன்."

கரும்பு சாயாமல் இருக்க அதன் சோகையையே முறுக்கிப் பக்கத்துத் தூரோடு கட்டுவதற்குப் பெயர்தான் விட்டம். குழந்தைவேல் தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். துண்டுக்குள்ளே தோள் குலுங்கியது. கமருதீன் பாய் கல்லாவைத் திறந்து அதற்குள் எதையோ தேடுகிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

இத்தோடு சிங்காரவேலு திருந்தினார் என்று எதிர்பார்க்கிறீர்களா? முதல் பாகத்துக்காரரை இதுவா சாய்க்கும்? அவர் எழுந்து சட்டையைச் சரிசெய்துகொண்டு, அச்சுக்கூடத்துத் தப்பு என்றே வைத்துக்கொண்டாலும், ஒரு நல்ல எழுத்தாளர் என்றால் தன் கதைக்கு நடுவில் கரும்பு வந்தால் படிக்கிறவனுக்குத் தெரிகிற மாதிரி அல்லவா மற்ற பக்கங்களை எழுதியிருக்க வேண்டும் என்று கேட்டார். நான் வீட்டுக்குப் போய் ராத்திரி சாப்பிடும் வரைக்கும் இதற்குப் பதில் தேடினேன். கிடைக்கவில்லை.

ஆனால் தையலம்மாளுக்கு இன்னும் ஒன்றும் கிடைத்துவிடவில்லை. மேசை ஓரத்தில் 'வேண்டாம்' அப்படியே இருந்தது. ஒரு பெண் கேட்டாள் என்பதற்காகப் புத்தகம் வரவழைத்தால் கடை என்ன ஆவது என்று பாய் தயங்கினார். அப்போது குழந்தைவேல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பதினாறு பக்கத்துக்காகப் புத்தகத்தைத் தனக்கு இன்னும் ஒரு வாரம் வாடகைக்குத் தர முடியுமா என்று கேட்டார். அந்தக் கையேட்டைக் கேட்டு இரண்டு தடவை விவசாய ஆபீஸுக்கு நடந்தாராம். தீர்ந்துபோயிற்று என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம்.

"மறுதாம்ப ஒழுங்கா பாத்தா நடவவிட நல்லாவே வெட்டலாம்னு இதுல போட்டிருக்குது பாய்" என்றார். "சும்மா சோகைன்னு சொல்லிகினு திரியறவன் கட்டைய சீவாதவன்."

சிங்காரவேலு தெருவைப் பார்த்தார்.

அடுத்த பத்து நாளில் வில்லியனூர்ச் சரித்திரத்தில் நடக்காதது நடந்தது. குழந்தைவேலுக்கு அப்புறம் அவருடைய பங்காளி வந்தார். அவருக்கு அப்புறம் நெட்டப்பாக்கத்திலிருந்து சைக்கிளில் இரண்டு பேர் வந்தார்கள். பாகூர்ப் பக்கமிருந்து மாட்டுவண்டியில் ஒருவர் வந்து, அந்த முதலைப் புத்தகத்தைக் கொடுங்கள், எங்கள் தூரெல்லாம் குருத்து காய்கிறது என்றார். பொழுது விடிந்தால் ஆள். ஆனால் இந்தக் கூட்டம் வருவதற்கு முன்பே, குழந்தைவேல் கேட்ட அன்றைக்கே, பாய்க்கு வியாபாரம் புரிந்துவிட்டது. 'வேண்டாம்' என்றிருந்ததை அடித்துவிட்டு 'இரண்டு பிரதி' என்று எழுதினார். ஏன் இரண்டு என்று கேட்டேன்.

"அஞ்சாவதுல கரும்பு வந்துச்சு தம்பி" என்றார். "ஆறாவதுல நெல்லு வந்தாலும் வரும். யாரு கண்டா?"

காணாமல் போன பதினாறு பக்கத்தையும் சேர்த்து அனுப்பும்படி அதே கார்டில் ஒரு வரி எழுதினார். அது தையலம்மாளுக்காக. பட்டணத்துக் கடைக்காரர்களும் மன்னிப்புக் கேட்டு, பதினாறு பக்கம் அனுப்பினார்கள். பிரித்துப் பார்த்தால் மறுபடியும் கரும்பு. பாய் அதை நூல் போட்டுத் தைத்துத் தனிப் புத்தகமாக்கி வாடகைக்கு விட்டுவிட்டார்.

ஆறாம் பாகம் கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்னால் வந்து சேர்ந்தது. வழக்கப்படி சிங்காரவேலு கையை நீட்டினார். பாய் அதை அவருக்குக் கொடுக்கவில்லை. ஆள் அனுப்பித் தையலம்மாளை வரவழைத்து அவள் கையில் கொடுத்தார். இரண்டாவது பிரதி நெல் சேதி இருக்கிறதா என்று பார்க்க ஏற்கெனவே நெட்டப்பாக்கம் போய்விட்டது. சிங்காரவேலு இரண்டு நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். அந்த இரண்டு நாளும் அவர் யாரையும் குறை சொல்லவில்லை. உடம்பு சரியில்லையோ என்று அவருடைய அம்மா விருத்தாம்பாள் வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மூன்றாம் நாள் தையலம்மாள் வந்தாள். கையில் மருதாணி. புத்தகத்தைப் பக்குவமாகத் துணியில் சுற்றி எடுத்துவந்திருந்தாள். நாங்கள் எல்லோரும் சூழ்ந்துகொண்டோம். சங்குமதி எப்படித்தான் தப்பித்தாள்?

இருபதாம் பக்கத்தில் அதற்குப் பதில் இருக்கிறதாம். அரிமுகனும் சங்குமதியும் பழைய கதை பேசிக்கொண்டிருக்கிறார்களாம். 'அன்று என் ஜாடியின் மூடியை எப்படித் திறந்தீர்கள், இளவரசே?' என்று அவள் கேட்கிறாளாம். 'மறுபக்கம் திருகினேன்' என்கிறானாம் அவன்.

அவ்வளவுதான்.

பதினான்கு மாதம், மூன்று மூச்சு, அதற்கு மேலே ஒரு தபால், இத்தனைக்கும் பதில் இதுதான். தையலம்மாள் புத்தகத்தை மேசையில் வைத்தாள். வைத்தது இரண்டு விரலால். நான் பார்த்தேன்.

"எப்பிடி இருந்துது?" என்று சிங்காரவேலு கேட்டார். அவர் குரல் மிகவும் பணிவாக இருந்தது.

"பரவால்லண்ணே" என்றாள் தையலம்மாள். கொஞ்சம் நிறுத்தினாள். "அஞ்சாவது மாதிரி இல்ல."

சிங்காரவேலுவின் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. இத்தனை வருஷம் தனியாகக் கூவிக்கொண்டிருந்த மனிதர் அவர். முதல் தடவையாக இன்னொரு வாயிலிருந்து அதே பாட்டு வந்தது. அவர் எழுந்து நின்று, ஆறாம் பாகத்தில் ஒரு வரிகூடப் படிக்காமலே, காரணத்தையும் சொல்லிக் கொடுத்தார்.

"அஞ்சாவதுல ஒரு மண்வாசனை இருந்துதும்மா. இதுல அது இல்ல."

அவள் ஆமாம் என்றாள். நாங்களும் ஆமாம் என்றோம். குழந்தைவேல் வாசலில் வண்டியோடு நின்றவர், நெல்லைப் பற்றி ஒரு வரியும் இல்லை என்று நெட்டப்பாக்கத்திலும் பேசிக்கொள்கிறார்கள் என்றார். அன்றைக்கு அந்தக் கடையில் முதல் பாகத்துக்காரர் அல்லாதவர் ஒருவர்கூட இல்லை. தையலம்மாள் கல்யாணம் முடிந்து திருக்கனூர் போய்விட்டாள். போன மாதம் அங்கிருந்து வந்த ஒருவர் சொன்னார், அந்தப் பக்கத்து மனிதர்கள் இப்போது பால், மழை, மாவு மில் எல்லாவற்றையும் முன்பிருந்ததோடு ஒப்பிடத் தொடங்கிவிட்டார்களாம். யார் கொண்டுவந்த பழக்கம் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லையாம்.

ஆகவே, இதைப் படித்து முடித்து மூடுகிறபோது, உங்கள் மூக்கிலிருந்து என்ன வருகிறது என்று கொஞ்சம் கவனித்துப் பாருங்கள். மூச்சு என்றால் நல்லது. 'ம்' என்றால் மறைக்க வேண்டாம். "ஆரம்பம் என்னவோ நன்றாகத்தான் இருந்தது, போகப் போகத்தான்" என்று பக்கத்திலிருப்பவரிடம் சொல்லத் திரும்பிவிட்டீர்கள் என்றால், வெட்கப்படாமல் வில்லியனூருக்கு பஸ் ஏறுங்கள். கமருதீன் பாய் கடை பெஞ்சில் சிங்காரவேலு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் கொடுப்பார். போன தடவை வந்தவர் அளவுக்கு உங்களிடம் விஷயம் இல்லை என்பதை, நீங்கள் எழுந்து போன பிறகுதான் சொல்வார்.